எறும்பு தெரியும் கேமரா – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எழுதிய குறிப்பு ஒன்றில், உங்கள் பேத்தி கேமராவைக் கால்வாயில் போட்ட கதையைப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்தே உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

என் மகனுக்கு டிசம்பரில் ஐந்து வயது முடிகிறது. பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் என் போனைப் பிடுங்கிக்கொண்டு மின்விசிறி, செருப்பு, என் மூக்கு என்று நூறு படம் எடுத்துவிடுகிறான். அவனுக்கென்று ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரரோ, ‘பழைய போன் ஒன்று சும்மாதானே கிடக்கிறது, அதைக் கொடு’ என்கிறார். இணையத்தில் பார்த்தால் 30 வெள்ளிக்கே 48 மெகாபிக்சல் என்கிறார்கள். உடனே படம் அச்சாகி வெளியே வரும் கேமராவும் இருக்கிறது. என்னால் 150 வெள்ளி வரை செலவு செய்ய முடியும். பொம்மைக் கேமரா போதுமா, நிஜக் கேமராவே வேண்டுமா?

மீ.,
ஈசூன், சிங்கப்பூர்

*

அன்புள்ள மீ.,

முதலில் உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தைப் பேசிவிடுகிறேன். படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். நாலைந்து வருஷப் பழைய போன்கூட, வெளிச்சம் குறைந்த அறையில் 150 வெள்ளிக் கேமராவைவிட நன்றாகவே எடுக்கும். ஆனால் படம் எடுக்கப் போனவன் பத்தாவது நிமிஷம் யூடியூபில் இருப்பான். சிம்மை உருவி, செயலிகளை எல்லாம் நீக்கிவிட்டுக் கொடுத்தாலும் பிடிமானம் என்று ஒன்று இருக்கிறதே. சின்னக் கை அந்த வழுவழுப்பைப் பிடிக்கும்போது விரல் நேரே லென்ஸ் மேல் போய் உட்காரும். கேமராவில் அமுக்குவதற்கு நிஜமான பொத்தான் இருக்கிறது. அதற்கே பாதி விலை கொடுக்கலாம் என்பேன்.

‘குழந்தைக்குப் போய்க் கேமராவா’ என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால், கோடாக் கம்பெனி 1900இல் பிரௌனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றதே குழந்தைகளை மனதில் வைத்துத்தான் என்று சொல்லுங்கள்.

இனி நான் ஏமாந்த கதை. பேத்திக்கு நானும் முதலில் இணையத்தில்தான் வாங்கினேன். ரோஸ் நிறம், இரண்டு முயல் காது, 28 வெள்ளி. பெட்டி மேல் 40 மெகாபிக்சல் என்று போட்டிருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். எங்கள் அடுக்குமாடி புளோக் நடைபாதையில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) வரிசையாகப் பூந்தொட்டி வைத்திருக்கிறார். அதன் ஓரமாக எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எறும்புக்கு நாலு விரற்கடை தூரத்தில் கேமராவை வைத்து அமுக்கினாள். திரையில் பழுப்பாக ஒரு கலங்கல். மறுபடி எடுத்தாள். மறுபடி கலங்கல். “தாத்தா, எறும்பு எங்கே போச்சு?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்தக் கேமராவுக்குள்ளேயே இருந்த பாம்பு விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறாள்.

கால்வாயில் விழுந்தது அந்த முயல் காதுதான். வேண்டுமென்றே போட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த விலையில் வருகிற கேமராக்கள் பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் ஒரே இடத்தில் பூட்டி வைத்தது. தள்ளி நிற்கிறவர்கள் சுமாராகத் தெரிவார்கள். கிட்டே போனால் எல்லாம் கலங்கிவிடும். பெரியவர்களுக்கு இது பெரிய குறையாகப் படாது. நாம் மெர்லயன் முன்னால் குடும்பத்தை நிறுத்திவைத்து எடுக்கிற ஆட்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்கள் மகன் எடுத்ததையே பாருங்களேன்: செருப்பு, மூக்கு. (மின்விசிறியை விட்டுவிடுங்கள்.) அதனால் கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, ‘இது எவ்வளவு கிட்டே போகும்?’ என்பதுதான். தானாக ஃபோகஸ் செய்துகொள்ளும் ஆட்டோஃபோகஸும், கிட்டே போய் எடுக்க உதவும் மேக்ரோவும் உள்ள சாதாரணச் சின்னக் கேமராக்கள் பல, பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் தெளிவாக எடுக்கும்.

கடைக்காரரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். போகும்போது ஒரு பத்துக் காசு எடுத்துப் போங்கள். ஒரு பக்கம் வீவக (அரசு வீடமைப்புக் கழக) புளோக்குகள், மறுபக்கம் அரசு முத்திரையைச் சுற்றி நாலு மொழியில் நாட்டின் பெயர். முத்திரைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மேசையில் வைத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து படம் எடுங்கள். திரையில் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழில் உள்ள ‘சிங்கப்பூர்’ புள்ளியோடு வாசிக்க வந்தால் எடுத்துக்கொள்ளலாம். முயல் காதில் அது நாணயம் என்றே தெரியாது.

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். கடையில் கழுவிக் கொடுக்கிற 4ஆர் படம் நாலுக்கு ஆறு அங்குலம். அதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நன்றாக அச்சடிக்க இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். அந்த 30 வெள்ளிக் கேமராக்களில் பலவும் சின்ன சென்சார் (படத்தைப் பதிகிற சில்லு) தருகிற படத்தை ஊதிப் பெரிதாக்கித்தான் 48 என்கின்றன. பலூன் கணக்கு.

உடனே அச்சாகும் கேமரா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்ஸ்டாக்ஸ் மினியில் ஒரு பெட்டிக்குப் பத்துத் தாள், ஒரு படத்துக்கு ஒரு வெள்ளிக்கு மேல் ஆகும். ஒரு நாளைக்கு நூறு எடுக்கிற பிள்ளையிடம் ‘பார்த்து எடு, பார்த்து எடு’ என்று நீங்கள் பின்னாலேயே அலைய வேண்டியிருக்கும். வெப்பத்தாளில் கறுப்பு வெள்ளையாக அச்சடிக்கிற பொம்மைகளில் செலவு குறைவு. ஆனால் அது கடை ரசீது மாதிரி. நாளாக ஆக மங்கும்.

உங்கள் 150 வெள்ளிக்கு நான் சொல்வது, கைமாறிய சின்னக் கேமரா ஒன்று. சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடந்து பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போனால் நாலு கடை ஏறி இறங்கலாம். பழைய பொருள் விற்கிற கரோசல் செயலியில் வாங்கினால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நேரில் பார்த்து வாங்குங்கள். இருபது வயதுப் பிள்ளைகள் பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடி அலைவதால் கேனன் இக்ஸஸ் மாதிரியானவை விலை ஏறிக் கிடக்கின்றன. அந்தப் பெயரை விட்டுத் தேடினால் சல்லிசாக வேறு கிடைக்கும். புதியதுதான் வேண்டும் என்றால் கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 பாருங்கள். பெயர்தான் கோடாக், உரிமம் வாங்கி வேறு கம்பெனி விற்கிறது. இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் என்பதால் எந்தக் கடையிலும் பேட்டரி வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரில் முக்கலாம், கீழே போடலாம் என்கிற ஓஎம் சிஸ்டம் டிஜி-7 இந்த வயதுக்கு எனக்குப் பிடித்தது. ஆனால் அது உங்கள் 150க்குள் வராது.

பழையது வாங்கும்போது பார்க்கவேண்டியது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். அலமாரியில் சும்மா கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகப் படர்ந்திருக்கும். போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள், இருந்தால் தெரியும். நூல் தெரிந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். வீட்டில் அவன் கேமராவுக்காக டிரை கேபினெட் (ஈரம் புகாத மின் அலமாரி) வாங்க வேண்டியதில்லை. இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். ஏர்கான் அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். சட்டையால் துடைக்க விடாமல் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். (காத்திருக்க மாட்டான்.)

மெமரி கார்டு விஷயம் ஒன்று. ரொம்பப் பழைய மாடல்கள் 2 ஜிபிக்கு மேல் உள்ள கார்டை ஏற்காது. விற்பவரிடம் கார்டு போட்டு ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். மைக்ரோ எஸ்டி போடுகிற கேமராவாக இருந்து, வீட்டில் அவனுக்குக் கீழே இன்னொரு குழந்தையும் இருந்தால், கார்டு மூடியில் டேப் ஒட்டிவிடுங்கள். நகக்கண் அளவுதான் இருக்கும், வாயில் போனால் வம்பு. கழுத்தில் மாட்டுகிற வார் வேண்டவே வேண்டாம். விளையாட்டுத் திடல் சறுக்கில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. மணிக்கட்டு வார் போதும்.

முயல் காதுக்கு அப்புறம் பேத்திக்கு வாங்கியது எழுபது வெள்ளியில் ஒரு பழைய கேமரா, ஓரத்தில் கீறல் விழுந்தது. பொத்தானைப் பாதி அமுக்கினால் திரையில் பச்சைக் கட்டம் வந்து ‘பீப்’ என்னும். அதற்கப்புறம்தான் மீதியை அமுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. எறும்பு இப்போது காலோடு விழுகிறது. கையில் கேமரா இல்லாத நேரத்தில்கூட, மக்சிக் வீட்டுப் பூனையைப் பார்த்தால் அப்படியே நின்று வாயாலேயே ‘பீப்’ என்கிறாள்.