போர் தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாக வருகிறது?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 1,000 அடிக்குப் போர் போட்டிருக்கிறோம். மார்கழி விடியலில் மோட்டாரைப் போட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. அடியில் வெந்நீர் ஊற்று இருக்குமா? நாகப்பட்டினம் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் என் மைத்துனர், அங்கே சூடு இன்னும் அதிகம் என்கிறார். ஊருக்கு ஊர் ஏன் இந்த வேறுபாடு?
– வாசகர், நாங்குநேரி வட்டம்

பதில்: வெந்நீர் ஊற்றுக்கு வாய்ப்பில்லை. சுமார் 20 மீட்டருக்குக் கீழே வெயிலும் பனியும் எட்டுவதில்லை. அங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 29 டிகிரிதான். அதற்குக் கீழே, நம் பகுதியைப் போன்ற தொன்மையான பாறை நிலத்தில், கிலோமீட்டருக்கு 15 முதல் 20 டிகிரி வரை கூடும் என்று கொண்டால், உங்கள் 300 மீட்டர் ஆழத்தில் 34 டிகிரி வருகிறது. விடியற்காலைக் குளிரில் நிற்பவரின் கைக்கு அது வெதுவெதுப்பாகத்தானே இருக்கும்?

பூமியின் ஆழத்திலிருந்து மேலேறி வரும் வெப்பத்தோடு, பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் பிறக்கும் வெப்பமும் சேர்கிறது. கிரானைட்டில் இவை மிகுதி. நெல்லைச் சீமையில் பரவலாகக் காணப்படும் சார்னோக்கைட், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானபோதே இவற்றில் ஒரு பகுதியை இழந்ததாகக் கருதப்படும் பாறை. ஆனால் அதன் பக்கத்திலேயே கிடக்கும் கார்னெட் கலந்த நைஸ் பாறைகளில் தோரியம் கணிசமாக உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள, தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இத்தகைய பாறைகள் கரைந்து வந்ததே. ஆகவே ஒரே மாவட்டத்துக்குள்ளும் பாறைக்குப் பாறை வெப்பம் மாறும். இருந்தாலும், மலைகள் இன்னும் எழுந்துகொண்டிருக்கும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் நீர் கொதித்தபடி வெளிவருவதையும், கோலார் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்திலும் பாறை 70 டிகிரியைத் தொடாததையும் ஒப்பிட்டால், நம் நிலமும் கோலாரைப் போலச் சூடு குறைந்ததுதான்.

மைத்துனர் சொல்வதும் சரியே. ஆனால் வெப்பநிலை வேறு, ஆழத்திலிருந்து மேலே வரும் வெப்பத்தின் அளவான வெப்ப ஓட்டம் வேறு. பலர் குழம்புவது இங்கேதான். நாகப்பட்டினம் அடங்கிய காவிரிப் படுகையில் கிலோமீட்டர் கணக்கில் படிந்துள்ள களிமண்ணும் மணற்கல்லும் கம்பளி போர்த்தியதைப் போல வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. அவற்றின் வழியே அதே அளவு வெப்பம் மேலே வர வேண்டுமானால், ஆழம் போகப் போக வெப்பநிலை வேகமாக உயர்ந்தாக வேண்டும். நம் கெட்டிப் பாறை வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் இங்கே அந்த ஏற்றம் மெதுவாகவே இருக்கிறது.

அளந்து பார்க்க விரும்பினால், விடிவதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டு, குழாய் வாயிலேயே வெப்பமானியைப் பிடியுங்கள். வெயிலில் கிடந்த கறுப்பு ஹோஸின் நீரை நம்ப வேண்டாம். அப்போதும் 40 டிகிரியைத் தாண்டினால், பூமியைச் சந்தேகிப்பதற்கு முன் சப்மெர்சிபிள் மோட்டாரைச் சோதியுங்கள்.