அடிக்கடி ஷெங்கன் சுற்றுலா விசாவில் போய் வந்தவர், ஜெர்மனியில் ஒரு வருடம் தங்க எப்படித் திட்டமிட வேண்டும்?

கேட்டவர் சென்னைக்காரர், கையில் இந்திய பாஸ்போர்ட். மூன்று வருடமாக லீவு கிடைக்கும்போதெல்லாம் ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால விசா) ஐரோப்பா போய் வருகிறார். இப்போது ஒரு வருடம் ஜெர்மனியிலேயே தங்கி மொழி படிக்க ஆசைப்படுகிறார். இத்தனை முறை டூரிஸ்டாகப் போனது இடைஞ்சலாகுமா, இருக்கிற மல்டிபிள் என்ட்ரி விசாவிலேயே (பல முறை போய் வர அனுமதிக்கும் விசா) போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அங்கே போய் மாற்ற முடியாது. உங்கள் மொத்தத் திட்டமும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நானும் பல முறை சுற்றுலா விசாவில் வந்து போய், அப்புறம் சென்னையில் விண்ணப்பித்து, மொழிப் படிப்புக்காக ஜெர்மனியின் லைப்ஸிக் நகருக்கு வந்தவள்தான். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் நம் ஆட்களைக் குழப்புவது பெரும்பாலும் யூடியூப் வீடியோக்கள். "டூரிஸ்டாக பெர்லினில் இறங்கினேன், அங்கேயே பெர்மிட் வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா, இஸ்ரேல் நாட்டினர் விசா இல்லாமல் ஜெர்மனிக்குள் வந்து, அங்கிருந்தே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பட்டியலில் இந்தியா கிடையாது. திருமணம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, நாம் ஊரிலிருந்தே டி விசா, அதாவது நீண்ட காலத் தேசிய விசா வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட கோர்ஸை குறுகிய கால விசாவில் படிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் "ஆரம்பியுங்கள், மீதியை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்தப் பள்ளி சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, பழைய பயணங்கள் பாதகமா? அடிக்கடி போனதே குற்றம் என்று யாரும் பார்ப்பதில்லை. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருட மல்டிபிள் என்ட்ரி விசா, அதற்கடுத்து, பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால், ஐந்து வருட விசா. போய்த் திரும்பி வந்தவரை நம்பலாம் என்பதுதான் இதன் அடிப்படை.

ஆனால் உங்கள் பழைய விண்ணப்பங்கள் ஷெங்கன் நாடுகளின் பொதுவான விசா தகவல் அமைப்பில் ஐந்து வருடம் வரை இருக்கும். எந்த நாட்டிடம் விண்ணப்பித்தீர்கள், என்ன காரணம் சொன்னீர்கள் என்பதெல்லாம் அதிகாரிக்குத் தெரியும். அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதென்று வேறொரு நாட்டிடம் விசா வாங்கி, எல்லா நாட்களையும் ஜெர்மனியில் கழித்திருந்தால் அது கேள்வியாக வரலாம். அதிக நாள் எங்கே தங்கப் போகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அதனால் விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் உங்கள் பயணங்களை நீங்களே வரிசையாக எழுதிவிடுங்கள்: எப்போது, எங்கே, எதற்கு. மூன்று வருடப் பயணங்களிலிருந்து இந்த ஒரு வருடத் திட்டம் எப்படி வந்தது என்று படிப்பவருக்குப் புரிய வேண்டும். நான் இதைச் செய்தேன். நேர்காணலில் அதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

அடுத்தது நாள் கணக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில் இருக்கக் கூடாது. ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. நீங்கள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாளாகவே கணக்கில் வரும். உதாரணமாக, 2026 ஜனவரி 10 அன்று நுழைந்து தொடர்ந்து இருந்தால் ஏப்ரல் 9 அன்று 90 நாள் முடிகிறது. அன்றே வெளியேற வேண்டும். மறுபடி நுழைய முடிவது ஜூலை 9 முதல். இடையில் லண்டனோ இஸ்தான்புல்லோ போய் வந்தாலும் எண்ணிக்கை அழியாது. ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கால்குலேட்டர் இருக்கிறது, அதில் உங்கள் பழைய தேதிகளைப் போட்டுப் பாருங்கள். விசா ஸ்டிக்கரில் ஒரு வருடம் செல்லும் என்று போட்டிருந்தாலும், தங்கும் நாட்கள் என்ற கட்டத்தில் 30 என்றிருந்தால் உங்களுக்கு 30 நாள்தான்.

முன்பு இதெல்லாம் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைப் பார்த்து எண்ணியது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முகம், கைரேகை எடுத்துப் பதியும் புதிய நுழைவு-வெளியேற்ற அமைப்பைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். கூடுதலாக ஒரு நாள் தங்கினாலும் இனி கணினியே காட்டிக்கொடுத்துவிடும். நீண்ட கால விசா கேட்கப் போகும் நேரத்தில் பதிவில் அப்படி ஒரு கறை இருக்கக் கூடாது.

டி விசாவில் ஜெர்மனியில் தங்கும் நாட்கள் இந்த 90 நாள் கணக்கில் சேராது. அதனால் சுற்றுலா நாட்களை முழுக்கப் பயன்படுத்திவிட்டாலும், டி விசா தொடங்கும் தேதியில் உள்ளே போகலாம். வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி பிராகாவுக்கோ பாரிஸுக்கோ போய் வரலாம். மற்ற ஷெங்கன் நாடுகளில் மட்டும் அதே 90 நாள் வரம்பு உங்களுக்கு உண்டு.

90 நாள் அங்கே, 90 நாள் வேறெங்காவது என்று டூரிஸ்டாகவே ஒரு வருடத்தை ஓட்டிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். ஒவ்வொரு முறையும் எல்லையில் டிக்கெட், பணம், தங்குமிடம் காட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாடகை ஒப்பந்தம் கிடைப்பது கடினம், பாடமும் பாதியில் அறுந்துபோகும். மொழி ஏற ஆரம்பிக்கும் நேரத்தில் பெட்டி கட்டுவது கொடுமை.

மொழிப் படிப்பு விசாவுக்குக் கோர்ஸ் தீவிரமானதாக இருக்க வேண்டும். வாரம் 18 மணி நேரமாவது பாடம் எதிர்பார்ப்பார்கள், மாலை வகுப்பு போதாது. பலரும் தடுமாறுவது, "ஏன் ஜெர்மனிக்கே போக வேண்டும்? சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் (ஜெர்மன் மொழி கற்பிக்கும் மையம்) படிக்கலாமே?" என்ற கேள்வியில். அது நியாயமான கேள்வி. சென்னையிலேயே ஏ2 அல்லது பி1 நிலை (தொடக்க, இடைநிலை மொழித் தேர்ச்சி) வரை முடித்துச் சான்றிதழோடு போனால் பதில் தானாக வந்துவிடும்: அடிப்படை இங்கே முடிந்தது, மேல்நிலை அங்கே வேண்டும், அதற்குப் பிறகு இன்ன வேலை அல்லது இன்ன படிப்பு. கடைசிப் பகுதி ரொம்ப முக்கியம். ஊர் பிடித்திருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது.

பணத்துக்கு முடக்கக் கணக்கு வேண்டும், அதாவது முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு. 2025இல் மொழிப் படிப்புக்கு மாதம் 1,091 யூரோ என்ற கணக்கில் கேட்டார்கள். விண்ணப்பிக்கும் அன்று தூதரகத் தளத்தில் அப்போதைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டூரிஸ்ட் விசாவுக்கு எடுத்த 30,000 யூரோ பயணக் காப்பீடு இதற்குச் செல்லாது, முழுத் தங்கலுக்கும் மருத்துவக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். வேலையை விடாமல் லேப்டாப்போடு போய்விடலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே கைவிட்டுவிடுங்கள். சம்பளம் இந்தியாவில் விழுகிறது என்பதால் அது வேலை இல்லை என்றாகிவிடாது. எந்த நாட்டில் உட்கார்ந்து செய்கிறோம் என்பதுதான் கணக்கு. ஆறு மாதம் தாண்டினால் வரிக் கேள்வியும் வரும். ஆபீஸில் சம்பளமில்லா லீவு கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதிகளை வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 2025 ஜனவரி முதல் ஜெர்மனியின் தேசிய விசாக்களுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆவணங்களைச் சரிபார்த்த பிறகு நேரில் கூப்பிடுவார்கள், கட்டணம் 75 யூரோ. வகுப்புக்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்கினால் நிம்மதி. இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் விசா மறுத்தால் மறுபரிசீலனை கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மறுத்தால் புது விண்ணப்பம், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றம். அதனால் அரைகுறையாக ஒரு கோப்பை முதலில் அனுப்பிப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம்.

கையில் இருக்கும் மல்டிபிள் என்ட்ரி விசாவை வைத்து, விண்ணப்பிக்கும் முன் ஒரு சிறு பயணம் போய்ப் பள்ளியையும் ஊரையும் பார்த்து வருவது நல்லது. வீடு பார்க்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: முகவரிப் பதிவுக்கு உறுதிக் கடிதம் தருவீர்களா? குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட அந்தக் கடிதம் இல்லாமல் பதிய மாட்டார்கள். வங்கிக் கணக்கு, தங்கும் அனுமதி எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவைக் கேட்பார்கள். கடிதம் தர மாட்டேன் என்பவரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.