மயில்துத்தமும் அரிவாள் நுனியும்: இடப்பெயர்ச்சி வினைகள் பற்றிக் கேள்வி பதில்

சார், ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி இரண்டிலும் இடம்தானே மாறுகிறது? பரீட்சையில் குழம்பிவிடுகிறேன்.
– பத்தாம் வகுப்பு மாணவி, பாபநாசம்

வினையில் இறங்கும் பொருள்களை முதலில் பாரும்மா. ஒன்று தனிமம், மற்றது சேர்மம் என்றால் ஒற்றை. இரண்டுமே சேர்மம் என்றால் இரட்டை. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பாணியைப் போட்டால் இரும்பு கரையும், செம்பு ஆணிமேல் படியும், நீலம் வெளுத்து இளம்பச்சையாகும். இரும்பு இரண்டு எலக்ட்ரான் கொடுக்கிறது, செம்பு அயனி (மின்னூட்டம் கொண்ட செம்பு அணு) வாங்கிக்கொள்கிறது. இரட்டையில் அயனிகள் ஜோடி மாறுவதோடு சரி, எலக்ட்ரான் கைமாறாது. விடைத்தாளில் இதை எழுத மறக்காதே.

வெற்றிலைக்குப் பூஞ்சை நோய் மருந்தான போர்டோ கலவை போடும்போது அரிவாளை முக்கிப் பார்க்கச் சொல்கிறார்களே, எதற்கு?
– கொடிக்கால் விவசாயி, திருவையாறு

அண்ணே, ஒரே வாளியில் இரண்டு வினையையும் பார்க்கலாம் என்பதால் வகுப்பில் நான் செய்துகாட்டுவது இதைத்தான். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றுகிறீர்கள். காப்பர் ஹைட்ராக்சைடு வானநீலத்தில் கூழாகத் திரளும், கூடவே கால்சியம் சல்பேட் உண்டாகும். இது இரட்டை. சுண்ணாம்பு பத்தாவிட்டால் கொஞ்சம் செம்பு கரைசலிலேயே நிற்கும். அது கொழுந்தைக் கருக்கிவிடும். என் மாமா தோட்டத்தில் ஒரு பாத்தி அப்படிப் போனது. அதனால்தான் தேய்த்துப் பளபளப்பாக்கிய அரிவாள் நுனியை ஒரு நிமிடம் முக்குவது. செம்மண் நிறத்தில் படிந்தால் செம்பு மிச்சமிருக்கிறது. அந்தப் படிவுதான் ஒற்றை இடப்பெயர்ச்சி. படிவது நிற்கும்வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். இரும்பு வாளி வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

ஜிங்க் சல்பேட்டையும் டிஏபியையும் சேர்த்து வயலுக்குப் போடலாமா?
– நன்னிலம்

கூடாது. டிஏபி உரத்தில் (டை அம்மோனியம் பாஸ்பேட்) உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து ஜிங்க் கரையாத ஜிங்க் பாஸ்பேட்டாகிவிடும், இதுவும் இரட்டைதான். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து தனியாகத் தூவுங்கள்.

2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய வயல்களுக்கு ஜிப்சம் போட்டோம். கால்சியம் சோடியத்தைத் தள்ளுகிறது என்றார்கள். அப்படியானால் ஒற்றையா?
– வேதாரண்யம்

'தள்ளுகிறது' என்ற சொல்தான் குழப்புகிறது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதில் இருப்பது கால்சியம் உலோகமல்ல, கால்சியம் அயனி. களிமண்ணில் ஒட்டிய சோடியம் அயனியின் இடத்தில் அது உட்காருகிறது. எலக்ட்ரான் கைமாறாததால் இரட்டையோடுதான் சேர்ப்பேன். விடுபட்ட சோடியம், சல்பேட்டோடு தண்ணீரில் கரைந்து நிற்கும். நல்ல தண்ணீர் கட்டி, வாய்க்காலில் வடித்துவிடுங்கள். வடிகால் இல்லாத வயலில் எத்தனை மூட்டை ஜிப்சம் கொட்டினாலும் சோடியம் அங்கேயேதான் கிடக்கும்.