எறிகணைச் செல் துண்டு இருக்கிற உடம்புக்குக் காந்தச் சூட்டுச் சிகிச்சை செய்யலாமோ?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: அம்மாவுக்கு மூளையில் கட்டி, காந்த நானோ துகளை ஏற்றிச் சூடாக்குகிற சிகிச்சையை யூடியூப்பில் பார்த்தாராம், அம்மாவுக்கும் செய்யலாமோ என்று. நான் டொக்டர் இல்லை, கிளிநொச்சியில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன், அந்த அளவில் எடுங்கோ.

துகள் என்பது இரும்பு ஒட்சைட்டுத்தான். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சின்னது. அதை நீரில் கலந்து ஊசியால் நேரே கட்டிக்குள் ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திசை மாறுகிற காந்தப்புலத்தைக் கொடுப்பார்கள். துகளின் காந்தம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கொஞ்சம் பிந்திப் பிந்தித் திரும்பும், அந்தப் பிந்தல்தான் சூடாகிறது. கட்டி 43 பாகை அளவுக்குச் சுட்டாலே புற்றுக் கலங்கள் தளர்ந்துவிடும், கதிர்ச் சிகிச்சையும் நன்றாகப் பிடிக்கும். யோசனை 1957இலேயே வந்தது, ஜேர்மனியில் உருவான முறைக்கு ஐரோப்பாவில் மூளைக் கட்டிக்கு அனுமதி கிடைத்தது 2010இல். திரும்ப வந்த கட்டியுள்ள 59 பேரிடம் கதிர்ச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்து பார்த்ததில், கட்டி திரும்பிய பிறகு பாதிப் பேர் 13.4 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார்கள். நல்ல செய்திதான், ஆனால் பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு குழு அதில் இல்லை. எங்கட தெல்லிப்பழை, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் இது வழமைச் சிகிச்சை இல்லை.

சரி, வீடியோவில் சொல்லாத விசயம் ஒன்று. அந்தக் காந்தப்புலம் துகளை மட்டும் பார்த்துச் சுடாது, கிட்ட இருக்கிற எந்த உலோகத்திலும் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கும், துண்டு பெரிதென்றால் சூடும் கூட, இன்டக்சன் அடுப்பில் சட்டி சுடுகிற மாதிரி. அதனால்தான் ஜேர்மனியில் பல்லுக்குள் அடைத்த உலோகத்தைக்கூட முதலில் கழற்றிவிட்டார்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குச் செய்யவே இல்லை. எங்கட வன்னியில் பல்லை விடுங்கோ, எத்தனை பேருக்கு உடம்பில் யுத்தத்தில் பட்ட செல் துண்டு கிடக்கிறது?

என் மாமாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது, அதுவும் பெரிய காந்தம்தானே, உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள், அவர் இல்லை என்றே சொல்லிவிட்டார், மாமிதான் “ஏனப்பா, மாத்தளனில பட்டது?” என்று கத்தினா. எக்ஸ்ரேயில் பார்த்தால் தோளில் இரண்டு துண்டு, கடைசியில் சி.டி. தான் எடுத்தார்கள். ஆகவே தம்பி, எந்தச் சிகிச்சை என்றாலும் முதலில் அம்மாவிடம் 2009 யுத்தத்தில் ஏதும் பட்டதோ என்று கேளுங்கோ, பழைய எக்ஸ்ரே கிடந்தால் கிளினிக்குக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கோ.