பதினோரு பேர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கலைக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி நூலகம் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும். ஆனால் மாணவிகள் விடுதி கேட்டை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள். போன மாதம் இதை எதிர்த்து வாசலில் உட்கார்ந்தோம். முதல் நாள் முந்நூறு பேர். வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவேன் என்று வார்டன் மிரட்டினார். மூன்றாம் நாள் பதினோரு பேர்தான் வந்தோம். தோற்றுவிட்டோமா? "படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று அம்மா கேட்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ம.

அன்புள்ள ம.,

மூன்றாம் நாளும் வந்த அந்தப் பதினோரு பேரின் பெயரும் ஊரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். அங்கே பெரிய கடைகளில் கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் துணிமணி வாங்கலாம். அதே கடைக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கவுன்டரில் உட்காரக் கூடாது. 1959இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படித்த மாணவர்கள் சிலர் இதை மாற்ற நினைத்து ஒரு தேவாலயத்தில் கூடினார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன், அவரும் மாணவர்தான். அதற்கு முன் நம் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தவர், காந்தியின் வழியை இங்கே கற்றுக்கொண்டு போனவர்.

நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அதுதான் கவுன்டர் என்று வைத்துக்கொள்வார்கள். சிலர் உட்காருவார்கள். மற்றவர்கள் அடிக்க வரும் கும்பலாக நடிப்பார்கள். வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். உட்கார்ந்திருப்பவர் திருப்பி அடிக்கக் கூடாது. கீழே விழுந்தால் தலையை எப்படிக் கையால் மூடிக்கொள்வது என்பதுகூடப் பாடம். வாரா வாரம், மாதக்கணக்கில் இந்த ஒத்திகை நடந்தது. வருடக் கடைசியில் இரண்டு கடைகளுக்குப் போய்ச் சாப்பாடு கேட்டுப் பார்த்தார்கள். மறுத்ததும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார்கள். அதுவும் பயிற்சிதான்.

1960 பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு முதலாண்டு மாணவர்கள் இதேபோல ஒரு கவுன்டரில் போய் உட்கார்ந்த செய்தி நாடெங்கும் பரவியது. அப்போது நாஷ்வில்லில் எல்லாம் தயாராக இருந்தது. 13ஆம் தேதி நூறு பேருக்கு மேல், நல்ல உடை உடுத்தி, பாடப் புத்தகங்களோடு போய் உட்கார்ந்தார்கள். 27ஆம் தேதி அடி விழுந்தது. போலீஸ் பிடித்ததோ அடிபட்ட மாணவர்களை, 80 பேருக்கு மேல். ஒரு வரிசையைக் கூட்டிக்கொண்டு போனதும் அடுத்த வரிசை வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. அபராதம் கட்ட மாட்டோம் என்று சிறைக்குப் போனார்கள். லாசனை அவர் படித்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் நீக்கியது. ஏப்ரல் 19ஆம் தேதி மாணவர்களுடைய வழக்கறிஞரின் வீட்டில் யாரோ குண்டு வைத்தார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் நகர்மன்றத்துக்கு நடந்தார்கள். 21 வயது டயான் நாஷ் மேயரை நேருக்கு நேர் பார்த்து, நிறத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது சரியா என்று கேட்டார். சரியில்லை என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகளில் கவுன்டர்கள் எல்லோருக்கும் திறந்தன.

அவர்கள் எதைக் கண்டு பயந்தார்களோ அதையே எடுத்து முன்கூட்டி நடித்துப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். உங்கள் விடுதியில் யாரும் அடிக்க வரப்போவதில்லை. அங்கே எல்லோருக்கும் இருக்கும் பயம் அந்த போன் கால். அப்படியானால் அதைத்தான் ஒத்திகை பார்க்க வேண்டும்.

நான் விடுதியில் இருந்தபோது மெஸ் கணக்கைக் காட்டச் சொல்லிச் சாப்பிடாமல் இருந்தோம். இரண்டாம் நாள் எல்லார் வீட்டுக்கும் கடிதம் போகும் என்றார்கள். அன்றிரவே முக்கால்வாசிப் பேர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருடம் சீனியர் அண்ணன் ஒருவர் எங்களை மாடியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு இன்லண்ட் லெட்டர் கொடுத்தார். "அவங்க எழுதுறதுக்கு முன்னாடி நீங்களே எழுதுங்கடா" என்றார். என் அப்பாவுக்கு எழுதும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அப்பாவின் பதில் நாலு வரிதான், கணக்கைக் கேட்பதில் தப்பில்லை என்று முடித்திருந்தார். அந்தக் கணக்கு நோட்டை நாங்கள் பார்த்தோம்.

பதினோரு பேரும் ஒரு அறையில் உட்காருங்கள். ஒருத்தி வார்டன், ஒருத்தி அப்பா. "உங்க பொண்ணு வாசல்ல உக்காந்திருக்கா சார்" என்று ஆரம்பிக்கட்டும். அழுகை வந்தால் வரட்டும், மறுபடி முதலிலிருந்து நடித்துப் பாருங்கள். அப்புறம் உண்மையாகவே வீட்டுக்குப் பேசுங்கள். டெல்லியில் 2015இல் மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்று கிளம்பியதும் இப்படி ஒரு பூட்டுக்கு எதிராகத்தான். ஆகவே நீங்கள் தனியாக இல்லை.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அவர் பயம் உங்கள் படிப்பைப் பற்றியது. ஆறு மணிக்குப் பூட்டுவதால் தினமும் இரண்டு மணிநேர நூலகம் உங்களுக்கு இல்லாமல் போகிறது என்பதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. இன்றைக்கே சொல்லுங்கள். மற்ற பத்துப் பேரும் வீட்டில் பேசியபிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.