ஒத்து ஊதலாமா?

கேள்வி: இலங்கையில் 2024-இல் வந்த அநுர குமார திசாநாயக்க அரசோடு வடக்குத் தமிழ்த் தலைவர்கள் ஒத்துழைப்பதுதானே புத்திசாலித்தனம்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: 'ஒத்துழைப்பு' என்றாலே எனக்கு மின்தடை அறிவிப்புதான் ஞாபகம் வரும். 'பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு...' என்று போடுவார்கள். கரண்டை நிறுத்துவது அவர்கள், விசிறிக்கொள்வது நாம். அந்த 'நல்குமாறு'வோடு எனக்கு இருபது வருடப் பகை. அது கிடக்கட்டும்.

நாயனத்தோடு 'ஒத்து' என்று ஒரு குழல் வரும். விரல் வைத்து வாசிக்க அதில் துளை கிடையாது. கன்னம் உப்ப, முகூர்த்தம் முடியும்வரை ஒரே சுரத்தை ஊத வேண்டும். நம் பக்கத்துக் கல்யாணங்களில் இப்போது அதற்குப் பதிலாகச் சுருதிப்பெட்டியைச் செருகிவிடுகிறார்கள். ஒரு ஆள் கூலி மிச்சம், சாப்பாட்டில் ஒரு இலையும் மிச்சம். அரசியலில் மட்டும் அந்த வேலைக்கு இன்னும் ஆட்கள்தான் வருகிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2015-இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் இலங்கை நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 2018 ஏப்ரலில் பிரதமர் ரணில் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, அதை எதிர்த்து வாக்களித்தது அதே சம்பந்தனின் கூட்டமைப்பு! எதிர்க்கட்சித் தலைவரே பிரதமரைக் காப்பாற்றினார். இதற்கு மேல் எப்படிங்க ஒத்துழைப்பது? பதிலுக்கு, வரும் வரும் என்ற புதிய அரசியலமைப்பு வரவில்லை. அந்த அக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலமும் முடிந்தது. 2024-இல் ஆட்சி மாறும்வரை அதற்குத் தேர்தலே வைக்கவில்லை. 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்கா தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை மறு வருடமே கிழித்த கதை தனி.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவரிடம் ஒப்பந்தம் என்று சொல்லிப் பாருங்கள். கூலி உயர்வுக்குக் கையெழுத்தான அன்று இனிப்பு கொடுத்திருப்பார். அப்புறம் நெய்யப் பாவு நூல் வரும், கூலி பழைய கூலியாகவே வரும். "மொதல்ல கையெழுத்துப் போட்டதைக் குடுக்கச் சொல்லுங்க" என்பார்.

இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3 அநுரவின் கட்சிக்கே போயின. மக்கள் முந்திக்கொண்டு ஒத்துழைத்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் தலைவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

நான் அங்கே தலைவராக இருந்தால் கொழும்புக்கு ஒரே ஒரு கேள்வியோடு போவேன்: மாகாண சபைத் தேர்தல் எந்தத் தேதி? தேதியைச் சொல்லட்டும், ஒத்து என்ன, தவிலே வாசிக்கிறேன்.