முத்துப்பேட்டைப் பக்கம் வாங்கிய, ஆணி அடித்த 20 அடிப் பாய்மரப் பலகைப் படகின் பராமரிப்பை நாமே செய்ய முடியுமா? அடியில் நீர் கசிகிறது, என்ன செய்யலாம்?

ஆணி அடித்த பலகைப் படகு என்பதால் முடியும். பலகை மாற்றுவதையும் வங்கு (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வளைந்த குறுக்குமரம்) மாற்றுவதையும் மட்டும் ஓடாவியிடம் (படகு கட்டும் தச்சர்) விட்டுவிடுங்கள். (கயிற்றால் தைத்த மசூலாப் படகுக்கு இந்தப் பதில் பொருந்தாது.)

மாசியில் கரையேற்றுங்கள். சித்திரை வெயிலில் பலகை அளவுக்கு மீறிச் சுருங்கும். அப்போது இடுக்கில் திணித்த பஞ்சு, மரம் நீரில் ஊறி விரியும்போது ஆணியையே நெம்பிவிடும். இன்னொரு காரணம் ஆள் தட்டுப்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் நாட்டுப் படகுக்குக் கிடையாது என்றாலும், விசைப்படகெல்லாம் அப்போதுதான் பழுதுக்குக் கரையேறும். ஓடாவி உங்கள் பக்கம் திரும்ப மாட்டார்.

பாக்கு நீரிணையில் நீரேற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உச்ச ஏற்றத்தில் இழுப்பது நல்லது. கீழே உருட்டுக்கட்டை போடுங்கள். கரையில் ஏராவை (அடிமரம்) மூன்று இடத்தில் கட்டை வைத்துத் தாங்க வேண்டும். இரண்டே கட்டை வைத்தால் நடு தொய்யும். ஒட்டியிருக்கும் பாசி, சிப்பியை ஈரம் காயுமுன் அன்றே சுரண்டிவிடுங்கள். காய்ந்துவிட்டால் சிப்பியோடு மரமும் பெயரும்.

அடுத்து துளைப்புழு. வெளியே குண்டூசித் தலை அளவு துளைதான் தெரியும். உள்ளே விரல் பருமனுக்குச் சுண்ணாம்பு பூசியதுபோல் குடைந்திருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் அந்தப் பலகை போயிற்று. மேட்டூர் ஜனவரி 28 வாக்கில் மூடியதும் கோரையாறு, பாமணியாற்றில் நன்னீர் குறைந்து முகத்துவாரத்தில் உப்பு ஏறும், புழுவுக்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் படகை ஆற்றுக்குள் ஏற்றிக் கட்டுவது நல்ல வைத்தியம். ஆனால் நாலு நாள் போதாது. புழு துளையை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தாங்கும்.

இனி கசிவு. உள்ளே நீர் தெரியும் இடத்தில் பெரும்பாலும் ஓட்டை இருக்காது. நீர் வங்கை ஒட்டி ஓடி, தாழ்வான இடத்தில் வந்து தேங்கும். அதனால் கரையில் வைத்தே உள்ளே நன்னீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று கரியால் குறியுங்கள். ஒரு சாண் ஆழம் போதும். அதற்கு மேல் எடை தாங்காது. பிறகு நீரை இறைத்துவிட்டு, இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு கலப்பத்து (இடுக்கில் பஞ்சு அடைக்கும்) வேலையைத் தொடங்குங்கள்.

பழைய பஞ்சை வளைந்த கொக்கியால் முழுக்க எடுக்க வேண்டும். இடுக்கின் வாய் வெளியே சுமார் 3 மி.மீ. அகன்றும், உள்ளே பலகையோடு பலகை ஒட்டியும் இருந்தால் சரி. உள்ளேயும் திறந்திருந்தால் பஞ்சு படகுக்குள் போய்விடும். அங்கே மெல்லிய மரச்சிம்பு வைப்பதுதான் வழி. பென்சில் பருமனுக்குத் தளர்வாகத் திரித்த பஞ்சை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, சிறு சிறு மடிப்பாக மொட்டை உளியால் இறக்குங்கள். ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு பஞ்சு, மீதி பூச்சு. தட்டும் ஓசை மந்தமாக இருந்து கணீரென்று மாறினால் நிறுத்திவிட வேண்டும். இந்த வேலையில் கெடுவதெல்லாம் கூடுதலாக அடிப்பவர்களால்தான்.

பூச்சுக்குக் குங்கிலியப் பொடியும் எண்ணெயும். கிலோவுக்குக் கால் லிட்டர் எண்ணெயில் தொடங்கி, ஒரு துளியை நீரில் விட்டு நகத்தால் அழுத்துங்கள். நொறுங்கினால் எண்ணெய் சேருங்கள். விரலில் ஒட்டினால் குங்கிலியம். திறந்தவெளியில் சிறு தணலில் காய்ச்சுங்கள். தீப்பிடித்தால் மணல்தான் போட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

உள்பக்கம் சிமென்டோ எபாக்சியோ பூசி அடைக்காதீர்கள். நீர் இடுக்கிலேயே தங்கி, பலகையையும் ஆணியையும் சேர்த்து அழிக்கும். பழைய மரத்தின்மேல் ஃபைபர் போர்த்துவதும் அப்படித்தான்: மரம் விரிந்து சுருங்கும், ஃபைபர் அசையாது.

துருவேறிய ஆணியைப் பிடுங்கினால் பழைய துளையில் எண்ணெய் தோய்த்த மரமுளை அடித்து, புதிய துத்தநாகப் பூச்சு ஆணியை இரண்டு அங்குலம் தள்ளி, வேறு ரேகையில் இறக்குங்கள். இரும்புக்குப் பக்கத்தில் செம்போ பித்தளையோ வேண்டாம். உப்புநீரில் இரும்பு சீக்கிரம் கரையும்.

உள்ளே பெயின்ட் வேண்டாம், புன்னை எண்ணெய் போதும். முந்திரி ஓட்டெண்ணெய் என்றால் கையுறை கட்டாயம், தோல் வெந்துவிடும். இறக்குவதற்கு முதல் நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். இறக்கியபின் ஓரிரு நாள் கசியத்தான் செய்யும். இறைத்துக்கொண்டே இருங்கள். மூன்றாம் நாளும் நிற்கவில்லை என்றால்தான் மறுபடி ஏற்ற வேண்டும்.

பருத்திப் பாயை நன்னீரில் அலசி, காய்ந்தபின் சுருட்டுங்கள். உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்துக் கரும்புள்ளி பிடிக்கும். சாயம் ஏற்றக் கருவேலம்பட்டை நல்லது. பட்டைக்காக அலையாத்திக் காட்டில் கை வைக்காதீர்கள், அது காப்புக்காடு. பாய் ஏற்றும் ஆஞ்சான் கயிறு மரத்தின் உச்சியில் உரசும் இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போட்டால் உரசும் இடம் மாறும். காற்றுப் பக்கம் ஆள் உட்காரும் பலகையின் கட்டுக்கயிற்றில் அந்தச் சிக்கனம் வேண்டாம். ஒரு புரி பிரிந்தாலும் புதுக்கயிறு கட்டிவிடுங்கள்.